கீழ்த்தட்டில் திரும்பும்போது

கேப்டன் மூன்றாம் பாகத்தில் செத்தார்.
நான்கில் எழுந்தார். ஆறில் மறுபடி செத்தார்.
ஏழில் அந்த நாற்காலிக்கு ஒரு பெண் வந்தாள்.
ஒன்பதில் அவளும் போனாள். பத்தில் அவளுடைய இரட்டைப்பிறவி.
இன்று டவுன் தியேட்டரில், இரண்டாம் ஆட்டத்தில்,
இவர்களில் யாருமே பிறந்திருக்கவில்லை
என்று சொல்லிவிட்டார்கள்.

ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும் முன்பே சண்டை.
‘ஒரிலியா அஞ்சாம் பாகத்தோட முடிஞ்சிட்டு’ என்றார் செய்யதலி.
‘அதுக்குப் பொறவு எல்லாம் ஜங்ஷன் அல்வாக்கடை.
அத்தன போர்டுலயும் ஒரே பேரு,
அத்தனையிலயும் எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.’

என் வீட்டுக்காரர் நம்பிராஜனுக்குப் புது வரிசைதான் பிடிக்கும்.
பணகுடியில் காற்றாலை ஏறுகிற வேலை.
எண்பது மீட்டர் உயரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவர்
பழசுக்கெல்லாம் தலை வணங்கமாட்டார்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்.

பெண் கேப்டனானதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.
ஏழாம் பாகம் முழுக்க அவளுக்கு
ஜன்னலைப் பார்ப்பதைத் தவிர
ஒரு சோலியும் வைக்கவில்லை, அதுதான் குறை.
பதினெட்டு வருஷம் எக்ஸ்ரே அறையில் நிற்கிறேன்.
நாற்காலியைக் கொடுத்துவிட்டு வேலையைக் கொடுக்காத
இடங்களை எனக்குத் தெரியும்.

செத்தவர்கள் செத்தே கிடக்கட்டும்.
முறிந்து கூடிய எலும்பைப் படம் எடுத்தால்
கூடிய இடத்தில் ஒரு வெள்ளைத் தடிப்பு தெரியும்.
அந்தத் தடிப்பு இல்லாமல் எழுந்து வருகிறவர்களை
நான் நம்புவதில்லை.

அப்புறம் அந்த ரோபோ.
ஐந்தாம் பாகத்துத் தமிழில்,
எரிகிற கிரகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு,
‘ஏ கேப்டா, சோலி முடிஞ்சிட்டுல்லா’ என்றது.
தியேட்டர் கூரை போய்விட்டது.
மூலத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாதாம்.
இருக்கட்டும்.
எந்தப் புண்ணியவான் அந்த மைக்குக்கு முன்னால்
நம்மூர் வாயோடு போய் நின்றாரோ,
எனக்கு அதுதான் மூலம்.

அவர் போய் நாலு வருஷமாம்.
இன்றைக்குக் குரலை மட்டும் மெஷினில் வார்த்து எடுத்திருந்தார்கள்.
அதே கரகரப்பு, அதே இழுப்பு.
எல்லாவற்றையும் சுத்தமாக உச்சரித்தது.
இரண்டே முக்கால் மணி நேரத்தில்
ஒரு ‘ல்லா’ கூட இல்லை.

‘எங்க காட்டுல பழைய காத்தாடியக் கழட்டிட்டுப்
பெருசு வைக்கோம்’ என்றார் நம்பிராஜன், வண்டியை உதைத்தபடி.
‘காத்து அதே காத்துதான். யாரு அழுதா?’

‘அதே குழியிலயா வைக்கீய?’

ஆர்ச் தாண்டும்வரை பதில் இல்லை.

‘அதே குழி எப்படித் தாங்கும்?
புதுசாத்தான் தோண்டணும். புதுசாத்தான் கம்பி கட்டணும்.’

‘அதத்தான நானும் சொல்லுதேன்’
என்று அவர் முதுகிடம் சொன்னேன்.
முதுகு ஒத்துக்கொள்ளவில்லை.

ஈரடுக்கு மேம்பாலத்தில் எங்களுக்குக் கீழ்த்தட்டு.
தலைக்கு மேலே ஒரு லாரி போனது,
வேறொரு காலவரிசையில்,
எங்களுக்கு முன்னால் போய்ச் சேர.

இறக்கத்தில் போலீஸ் தடுப்பு.
‘இந்நேரத்துல எங்க போயிட்டு வாறீய?’
‘படத்துக்கு. ஒரிலியா பதினொண்ணு.’
ஏட்டு டார்ச்சை எங்கள் முகத்திலிருந்து இறக்கினார்.
செய்யதலி வாயைத் திறந்தார்.
‘சொல்லிராதீய, சொல்லிராதீய!
ஞாயித்துக்கெழம அஞ்சு டிக்கெட் எடுத்திருக்கேன்.’
பிறகு அவரே, தடுப்பைப் பாதி நகர்த்தி,
நகர்த்தியது போதாமல் கொஞ்சம் நின்று,
‘ஒண்ணே ஒண்ணு மட்டும்.
அந்த ரோபோ இருக்குல்லா?’

டவுனிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேர்
ஒருவரை ஒருவர் பார்க்காமல்
ஒரே குரலில் சொன்னோம்:
இருக்கு.